மூன்றாவது டிக்

சென்ற மாதம் பழைய அலுவலகத்தார் என்னை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, 12.15 மணி, மொத்தம் நான்கு பேர்; என்னைத் தவிர மூவரும் தாமதம். அவர்களில் முதலில் வந்தவர் பிரியா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவர். மீன் தலைக் கறி வருவதற்குள் கைப்பேசியை என் பக்கம் நீட்டி, கம்பெனியின் நாற்பத்தொரு சுவிட்சுகளையும் வரிசையாகக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

"இங்கிருந்தே பூன் லே கிடங்குல ஒரு போர்ட்ட மாத்திக் காட்டட்டுமா அக்கா?"

"சாப்பாட்டு மேசையில வேண்டாம்."

"ஒண்ணும் ஆகாது லா. இப்பல்லாம் சேவ்கூட பண்ண வேண்டாம். மாத்தின உடனே அதுவே சேவ் பண்ணிக்கும்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். காரம் அதிகமோ என்று நினைத்துத் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

"அப்பல்லாம் சேவ் பண்ண மறந்தா என்னக்கா ஆகும்?"

அதற்குள் வந்து உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிரியாவுக்கு மட்டும் புரியவில்லை. "எழுதிக் குடுங்கக்கா" என்றார். எழுதுகிறேன். என்னிடம் இருபத்தாறு அலுவலக டைரிகள் இருக்கின்றன. ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் வசந்தா. பாலிடெக்னிக் படிப்பு, பிறகு இரண்டு வருடம் கூரைப் பலகைக்கு மேலே கேபிள் இழுக்கும் வேலை, பிறகு இருபத்தாறு வருடம் ஓர் உறைந்த உணவு விநியோகக் கம்பெனி. தலைமை அலுவலகம் தஞ்சோங் பகாரில், குளிர்க் கிடங்கு பூன் லேயில். லிட்டில் இந்தியாவில் நீங்கள் பரோட்டா சாப்பிட்டு, "வீட்டு மாவு மாதிரியே இருக்கே" என்று பாராட்டியிருந்தால், அதில் பாதி எங்கள் கிடங்கிலிருந்து போனது. மன்னிக்கவும்.

சுவிட்ச் என்று நான் சொல்வது விளக்குப் போடும் பொத்தானை அல்ல. என் கணவரின் சித்தப்பா பல வருடம் என்னை எல்லாரிடமும் எலக்ட்ரீஷியன் என்றே அறிமுகப்படுத்தி, இரண்டு முறை தன் வீட்டு மின்விசிறியையும் பார்க்கச் சொன்னார். நான் சொல்லும் சுவிட்ச் ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. முன்பக்கம் இருபத்துநான்கு துளைகள். அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். கணினி, பிரிண்டர், தொலைபேசி எல்லாம் அதில்தான் வந்து சேரும். எந்தப் போர்ட் எந்தக் குழுவில் இருக்க வேண்டும், யார் யாரோடு பேசலாம் என்று அதற்குச் சொல்லி வைப்பதுதான் என் வேலை. கல்யாண வீட்டில் பந்தியில் ஆள் உட்கார வைப்பவரின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் சொன்னதை உடனே கேட்டு நடக்கும், ஆனால் எழுதி வைத்துக்கொள்ளாது. 'ரைட் மெமரி' என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் எழுதிக்கொள்ளும். கொடுக்காவிட்டாலும் மாதக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்யும். மின்சாரம் போய் வந்த அன்று, கடைசியாக எழுதி வைத்ததை எடுத்துப் படித்துவிட்டு, உங்களை யாரென்றே தெரியாததுபோல் பார்க்கும்.

என் மேலதிகாரி ஹனீஃபா. எல்லாரும் 'பாஸ்' என்போம். அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் பின்னால் வந்து நின்றால் விரல்கள் தாமாகவே விசைப்பலகையை விட்டு எழும். அவர் வைத்த முதல் விதி: கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு என்ட்டரை அழுத்தாதே. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கு. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படி. பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிட்டு "போடுங்க" என்றால்தான் கை இறங்கலாம். எங்கள் பிரிவைக் கடந்து போகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போக அனுமதி கேட்பதுபோல் நான்கு பெரியவர்கள் கை தூக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது விதி இன்னும் அழகானது. தஞ்சோங் பகாரில் உட்கார்ந்துகொண்டு பூன் லே சுவிட்சை மாற்றும்போது ஒரு தவறு செய்தால், அந்தச் சுவிட்சுக்குப் போகும் வழியே அடைபட்டுவிடலாம். பிறகு எம்ஆர்டி ரயில் பிடித்துப் போய்த்தான் திறக்க வேண்டும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே, "பத்து நிமிடத்தில் நீ அணைந்து மறுபடி எழுந்திரு" என்று சுவிட்சுக்கு உத்தரவு போட்டுவிட வேண்டும். மாற்றம் சொதப்பினால் பேசாமல் காத்திருக்கலாம். அது தானே அணைந்து எழும், எழுதி வைக்காத மாற்றங்கள் மறைந்துபோகும், வழி திறந்துகொள்ளும். மாற்றம் சரியாக வந்தால், முதலில் அந்த உத்தரவை ரத்து செய், பிறகு எழுதி வை.

கவனித்தீர்களா? சோதித்து முடிக்கும்வரை எழுதி வைக்கவே கூடாது. அதற்காகத்தான் நான் டைரியில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கட்டங்கள் போட்டேன்: மாற்றம், சோதனை, சேமிப்பு. மூன்று டிக் விழாமல் நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது விஷயம் விதி அல்ல, தண்டனை. செத்துப்போன ஒரு சுவிட்சுக்கு நாங்கள் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தோம். எந்த வேலையும் செய்யாது, ஆனால் மேசையில் நல்ல இடம் கேட்கும். நெட்வொர்க் நிற்கக் காரணமானவரின் மேசையில் ஒரு மாதம் அது இருக்கும், முன்னால் அவர் பெயர் ஒட்டியிருக்கும். தினமும் காலையில் தூசி துடைக்க வேண்டும். ஒருமுறை விற்பனைப் பிரிவு இயக்குநரே அதை வாங்கினார். கூட்ட அறையில் ஒரு கேபிள் நுனி அநாதையாகத் தொங்குவது பொறுக்காமல், அதை எடுத்துச் சுவரில் இருந்த காலித் துளையில் செருகிவிட்டார். மறுநுனி ஏற்கெனவே பக்கத்துத் துளையில் இருந்தது. ஒரே செய்தி வட்டமடித்து வட்டமடித்துப் பெருகி, அலுவலகம் முழுவதும் நாற்பது நிமிடம் நின்றது. "சுத்தமா வைக்கலாம்னு பார்த்தேன்" என்றார் பாவம்.

பத்தொன்பது வருடம் மாப்பிள்ளை என் மேசைக்கு வரவில்லை. எனக்கு அதில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்தவர் மேசையில் இருக்கும்போது, தூசி சரியாகத் துடைக்கவில்லை என்று விரலால் தடவிக் காட்டியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் மின்சாரப் பராமரிப்பு பார்த்தவர் கருப்பையா. நான்கு பேர் கொண்ட சின்னக் கம்பெனி, அவரையும் சேர்த்து. ஒன்பது வருடமாக எங்கள் ஒப்பந்தம்தான் அவருடைய பெரிய வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூன் லே கிடங்கின் மின்சாரத்தை நிறுத்திச் சோதனை செய்வார். குளிர் அறைகளுக்கு மட்டும் தனி ஜெனரேட்டர் ஓடும். நான் சேர்ந்த இருபதாவது வருடம் நவம்பரில், காலை எட்டு மணிக்கு நிறுத்தினார், பன்னிரண்டு மணிக்குத் திரும்பக் கொடுத்தார். சுவிட்சுகள் எழுந்தன, பச்சை விளக்குகள் கண்சிமிட்டின, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

திங்கள் காலை 6.20க்கு எனக்கு ஃபோன். கிடங்கு மேலாளர் மிஸ்டர் லியோங். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், கோபம் வந்தால் ஹொக்கியன் சீனமும் சேரும். இங்கே தமிழில் தருகிறேன். ஹொக்கியன் பகுதியை விட்டுவிடுகிறேன்.

"பன்னிரண்டு லேபிள் பிரிண்டரும் செத்துப்போச்சு. பதினொரு லாரி நிக்குது. வாங்க."

காலாவதி தேதி லேபிள் ஒட்டாமல் ஒரு பெட்டிகூடக் கிடங்கை விட்டு வெளியே போக முடியாது. டாக்சி பிடித்து 7.05க்குப் போய்ச் சேர்ந்தேன். ஹனீஃபா எனக்கு முன்பே வந்திருந்தார். அந்தச் சுவிட்ச் மாடியில், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையில் இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாளிக்குள்தான் நிற்க வேண்டும். நான் வாளிக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

எங்களிடம் எல்லாச் சுவிட்சுகளின் நகலும் வாராவாரம் சேமிக்கப்பட்டிருந்தது. சுவிட்சில் இருந்ததையும் நகலையும் ஒப்பிட்டோம். எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"அமைப்புல தப்பில்ல," என்றார் ஹனீஃபா. "பெட்டிதான் போயிருக்கு."

வாசலில் நின்ற லியோங் உடனே பிடித்துக்கொண்டார். "நேத்து கரண்ட் குடுத்தப்ப அதிகமா பாய்ஞ்சிருக்கு. எலக்ட்ரீஷியன்தான் காரணம்."

கருப்பையா 7.30க்கு ஓடி வந்தார். கையில் மீட்டர், கக்கத்தில் ஃபைல். "நிப்பாட்டினேன், திருப்பிப் போட்டேன். வோல்டேஜ் எல்லாம் எழுதி வச்சிருக்கேன், பாருங்க சார்." லியோங் பார்க்கவில்லை.

உபரிச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, நகலை அதில் ஏற்றினோம். பிரிண்டர்கள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. புதுப் பெட்டிக்கும் அதே வியாதி. எனக்கு மண்டைக்குள் ஏதோ உறுத்தியது. லியோங்குக்கு உறுத்தவில்லை.

"பார்த்தீங்களா? பிரிண்டரையும் சேர்த்தே எரிச்சிருக்கான்."

"பன்னெண்டையுமா சார்? ஒண்ணு விடாமலா?" என்றார் கருப்பையா.

"ஒன்பது வருஷம் போதும். மூணு மணிக் கூட்டத்துல வேற கம்பெனிக்கு லெட்டர் போகுது."

கருப்பையா மீட்டரின் வயரை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். அந்த மாதம்தான் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

9.40 மணி. கேபிள்களைக் கையால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தேன். பதின்மூன்றாவது கேபிளில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள்: '30'. பதினான்கிலும் 30. இருபத்துநான்கு வரை 30. எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று கேபிளில் ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் திரையில் அந்தப் பன்னிரண்டு போர்ட்டுகளும் குழு 10இல் இருந்தன.

ஒட்டுத்தாளில் மூன்றின் தலை தட்டையாக இருந்தது. மூன்றை அப்படி எழுதுகிறவர் அந்தக் கம்பெனியில் ஒருவர்தான். நான்.

கை தூக்கினேன், படித்தேன், ஹனீஃபா "போடுங்க" என்றார். பன்னிரண்டு போர்ட்டுகளையும் 30க்கு மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கீழே பிரிண்டர்கள் மொத்தமாகக் கத்திக்கொண்டு லேபிளைத் துப்பத் தொடங்கின. கிடங்கில் கை தட்டினார்கள். லியோங் என் தோளைத் தட்டி, "எலக்ட்ரீஷியன் கெடுத்ததை நீங்க சரி பண்ணிட்டீங்க" என்றார். எனக்குக் கோப்பி வாங்கிவர ஆளும் அனுப்பினார்.

அறையில் நானும் வாளியும் மட்டும் இருந்தோம். பையிலிருந்து அந்த வருட டைரியை எடுத்தேன். மார்ச் மாதத்தில், ஒரு வியாழக்கிழமைப் பக்கம்:

'12.24 – பூன் லே மாடிச் சுவிட்ச். போர்ட் 13 முதல் 24 வரை, குழு 10இலிருந்து 30க்கு. டிக். 12.31 – கிடங்கிலிருந்து ஃபோன்: லேபிள் தெளிவாக வருகிறது. டிக். 12.33 – அணையும் உத்தரவு ரத்து. 12.34 – என் மேசைக்கு மேலே விளக்கு மாற்றக் கருப்பையா ஏணியோடு வந்தார். எழுந்து இடம் கொடுத்தேன். மதியம் தயிர் சாதம், ஊறுகாய்.'

மூன்றாவது கட்டம் காலி. எட்டு மாதமாகக் காலி.

நடந்தது இப்போது தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வந்தபோது திரை தானாக மூடியிருக்கிறது. நான்தான் எப்போதும் முடித்துவிட்டுத்தானே எழுந்திருப்பேன் என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். வாராந்திர நகலும் எழுதி வைத்ததைத்தான் எடுக்கும். எழுதாததை அது எங்கே கண்டது? நகலும் பெட்டியும் ஒத்துப்போனது இரண்டும் ஒரே பழைய கதையைச் சொன்னதால்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன். நான்காவது முறை படித்தபோது எனக்குப் பட்டது: கருப்பையா ஏணியோடு வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆக, ஒரு வகையில் பார்த்தால், எலக்ட்ரீஷியன்தான் காரணம். இந்த எண்ணம் சுமார் ஒரு நிமிடம் மிகவும் நியாயமாகத் தோன்றியது. பிறகு கோப்பி வந்தது. பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

கீழே போய் ஹனீஃபாவிடம் டைரியை நீட்டினேன். அவர் வலது கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார், ஊறுகாய் உட்பட. பழக்கம்.

"மூணாவது டிக் எங்க வசந்தாம்மா?"

"அதைத்தான் பாஸ் காலையிலேர்ந்து எல்லாரும் தேடிட்டிருக்கோம்."

அவர் கையை இறக்கவில்லை. "மூணு மணிக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

"போடுங்க" என்று சொல்லிக் கையை இறக்கினார்.

மூன்று மணிக்கு லியோங் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று கருப்பையாவுக்கான கடிதம். இன்னொன்று நாங்கள் நிரப்ப வேண்டிய சம்பவ அறிக்கை. அதில் 'காரணம்' என்று போட்டு மூன்று கட்டங்கள்: மின்சாரம், சாதனம், மனிதர். கருப்பையா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் மடியில்.

நான் 'மனிதர்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மார்ச் மாதத்து மூன்றாவது டிக் அங்கேதான் விழுந்தது. பிறகு டைரியைத் திறந்து வைத்து, நடந்ததை நேரப்படி சொன்னேன்.

லியோங் டைரியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். தமிழ் தெரியாது, ஆனால் இரண்டு டிக்குக்கும் ஒரு காலிக் கட்டத்துக்கும் மொழி வேண்டியதில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"ஒன்பது நாற்பதுக்கு."

"கோப்பி குடிச்சீங்களே?"

"பாதிதான்."

லியோங் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கருப்பையாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் சுபாவம் அது அல்ல. ஆனால் கையை நீட்டி ஃபைலை வாங்கி, காலையில் பார்க்காத வோல்டேஜ் எண்களை முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்துக் கையெழுத்தும் போட்டார். பிறகு ஒரு புது விதி சொன்னார்: இனி மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன், எலக்ட்ரீஷியன் நெட்வொர்க் பிரிவுக்கு ஃபோன் செய்து, 'சேவ் பண்ணியாச்சா' என்று கேட்க வேண்டும். பதில் வராமல் பொத்தானில் கை வைக்கக் கூடாது.

வெளியே வந்ததும் கருப்பையா கேட்டார், "மேடம், அந்த மார்ச் மாசம் லைட்டு மாத்த வந்தது நான்தானா?"

"நீங்கதான்."

"ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

"அப்ப என் பங்கும் இருக்கு. அந்தப் பொட்டி, மாப்பிள்ளை, அத உங்க மேசையில வைப்பாங்கல்ல? பதினஞ்சு நாள் எங்க கடையில இருக்கட்டும்."

அப்படியே ஆனது. முதல் பதினைந்து நாள் மாப்பிள்ளை என் மேசையில். நான் யார் யாரை எல்லாம் தூசிக்காகக் குறை சொன்னேனோ அவர்கள் அனைவரும் தனித்தனியாக வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த பதினைந்து நாள் கருப்பையாவின் கடையில். திரும்பி வந்தபோது விளக்குகள் எரிந்தன. சும்மா இருக்கப் பிடிக்காமல் உள்ளே பேட்டரியும் பல்பும் வைத்து மூடிக் கொடுத்திருந்தார். இருபத்தாறு டைரிகளும் சரியாமல் இப்போது அதுதான் என் அலமாரியில் முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஓய்வு பெற்ற அன்று எனக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.

பிரியா கேட்டதற்குப் பதில் இதோடு முடிந்தது. நாள் தவறாமல் எழுதுகிறவள் என்பதால், போன வாரத்துப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். சனிக்கிழமை, மாலை 5.10. கருப்பையாவிடமிருந்து ஃபோன்.

"மேடம், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு பூன் லேல கரண்ட் நிப்பாட்டுறோம். சேவ் பண்ணியாச்சா?"

"கருப்பையா, நான் ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகுது."

"தெரியும் மேடம். உங்களுக்கு ஃபேர்வெல்ல மாலை போட்டது நான்தானே. சேவ் பண்ணியாச்சா?"

"புதுச் சுவிட்ச் எல்லாம் தானாவே சேவ் பண்ணிக்குமாம். பிரியா சொன்னாங்க."

"நீங்ககூட எப்பவும் சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்திருப்பேன்னு சொன்னீங்க."

"இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டுப் பிரியாவை அழைத்தேன். அவர் சிரித்தார், ஆனால் கைப்பேசியில் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் பெயராகப் படித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் கவனித்தேன், படித்து முடியும்வரை என் வலது கை தலைக்கு மேல் தூக்கியபடியே இருந்திருக்கிறது.

5.32. கருப்பையாவுக்குத் திரும்ப ஃபோன். "நிப்பாட்டலாம்" என்றேன்.

டைரியில் மூன்று கட்டம் போட்டு, மூன்றிலும் டிக் போட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.